ஆணி மட்டும் கடையும் லேத்

சவேரியார் கோயில் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டுச் சொல்லத் தயார்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யானால் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உதிரட்டும். முழங்கால் இப்போது மடங்குவதில்லை, அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சத்தியம் செய்கிறேன். அதுவும் செல்லும்.

ஈய விலை விழுந்த வருஷம். மலாயாவில் ஈப்போப் பக்கம் ஈயச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். பினாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த பாக்கியசாமியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையில்லாத தமிழர்களைச் சர்க்கார் செலவில் இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேறு வழி தெரியாமல் அவனும் அவன் பெண்சாதி சவுந்தரமும் பெயர் கொடுத்திருந்தார்கள். கப்பல் ஈஸ்டருக்கு அடுத்த வாரம். இருவரும் இந்தப் பினாங்குத் தீவில் பிறந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ஒரு நாய்கூட அவர்களைப் பார்த்து வாலாட்டாது. கப்பல் கிளம்புவதற்குள் சொந்தமாக ஒரு தொழில் அமைந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று பெயர் எழுதிய குமாஸ்தா சொல்லியிருந்தார். வீட்டுப் பின்கட்டில் இரும்பு கடைய ஒரு லேத் போட்டுவிடுவது என்று பாக்கியசாமி முடிவு செய்தான்.

மூடிய சுரங்கம் ஒன்றின் சாமான்களைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு கிடங்கில் ஏலம் விட்டார்கள். அடுத்த சந்தில் எனக்கும் ஒரு பட்டறை உண்டு. அரம், சுத்தியல், ஒரு துருத்தி, அவ்வளவுதான் ஆஸ்தி. சும்மா பார்க்கலாமே என்று நானும் போயிருந்தேன். இருந்ததில் உருப்படியானது காலால் மிதித்து ஓட்டும் லேத் ஒன்றுதான். பழைய லேத் வாங்குகிறவன், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில் தடவிப் பார்க்க வேண்டும். வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும், தேய்வதும் அங்கேதான். பாக்கியசாமி நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். நகம் எங்கும் தடுக்கவில்லை, தேய்மானமே இல்லை.

நான் காதையும் வைத்துக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த லேத் இருபத்திரண்டு வருஷம் ஒரே ஒரு சாமானைத்தான் கடைந்திருக்கிறது: சுரங்கக் குளத்தில் மிதந்தபடி ஈயமண்ணை வாரும் ஈயக்கப்பலின் வாளிகளைக் கோக்கும் ஆணி. இரும்புக்குள் அந்தப் பழக்கம் ஊறிப்போய், ஆணி ஆணி என்று முனகிக்கொண்டிருந்தது. நான் பாக்கியசாமியைத் தனியே அழைத்து, தம்பி, இது வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, நான் கையைத் தூக்குவதற்குள் கையைத் தூக்கிவிட்டான்.

சவுந்தரத்தின் தையல் மெஷினை விற்றுத்தான் வாங்கினான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "என் காலுக்கு என்ன, எதை மிதிச்சா என்ன," என்றாள். அவள் மிதிக்க, அவன் கடைய, தகரக் கூரைக்குக் கீழே தொழில் தொடங்கியது.

முதல் வேலை சூலியா தெருவில் மசாலா மில் வைத்திருந்த சீனி முகம்மது கொடுத்தது. அரவைக்கு ஒரு ஷாஃப்ட். அதை மட்டும் ஒழுங்காகச் செய்துகொடுத்தால் மில் வேலை முழுவதும் இனி உனக்குத்தான் என்று அவர் வாக்கும் கொடுத்திருந்தார். இரும்புக் கோல் லேத்தில் ஏறியது, சக்கரம் சுற்றியது, சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. இறக்கிப் பார்த்தால் ஈயக்கப்பல் ஆணி. ஒரு சாண் நீளம், தலையில் கொண்டை, அச்சில் வார்த்ததுபோல. கோயிலுக்கு மெழுகுவர்த்தித் தண்டு கடையப் பித்தளையைப் போட்டான். இரும்பு ஆணி வந்தது. சவுந்தரம் சப்பாத்திக் கட்டைக்கு ஒரு மரத்துண்டு கொடுத்தாள். அதுவும் ஆணியாக வந்தது, சுரங்கத்துச் சேறு ஒட்டியபடி. மலாயா முழுவதும் ஈயக்கப்பல்கள் ஓடாமல் கிடக்க, பாக்கியசாமியின் வீட்டில் மட்டும் நாற்பத்தொரு ஆணிகள்.

பக்கத்திலிருப்பவன் என்ற அக்கறையில் இதை நான் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேருக்கு மேல் இருக்காது. மற்றவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள். சீனி முகம்மது என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, நெசமாலுமே கண்ணால பாத்தீங்களா?"

"பாய், நாப்பத்தொண்ணையும் எண்ணினேன்."

அவர் அன்றே ஷாஃப்ட் வேலையைச் சீனன் பட்டறைக்கு மாற்றிவிட்டார். மற்றவர்களும் கொடுத்த இரும்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சும்மா கிடக்கிற லேத்தைக் காட்டி அதைத் தொழில் என்று எந்தக் குமாஸ்தாவிடம் சொல்வது?

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பாக்கியசாமி ஒரு துணிப்பொட்டலத்தோடு என் பட்டறைக்கு வந்தான். கூடவே சவுந்தரமும். பொட்டலத்தை அவிழ்த்து, காலிப்பரையும் பக்கத்தில் வைத்தான்.

"அளந்து பாருங்கண்ணே. மில்லு ஷாஃப்டு. அரை நூல் கூட இல்ல, கொறச்சலும் இல்ல. பாய் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

பாவம், அந்த லேத் அவன் கண்ணையும் மயக்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது ஆணிதான். அதையே சொன்னேன். அவன் ஷாஃப்டை, அதாவது ஆணியை, திரும்பத் துணியில் சுற்றினான். சவுந்தரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருல எல்லாருக்கும் காதுல ஆணி அடிச்சது நீங்கதானே அண்ணே," என்றாள். "நல்லாருங்க."

வாழ்த்துகிறவர்கள் அப்படி மெல்லிய குரலில் சொல்வதில்லை. இருந்தாலும் நான் அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கப்பல் கிளம்பியது. வழியனுப்ப நானும் போனேன். பாக்கியசாமி தளத்துக் கூட்டத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சவுந்தரம் என் பக்கம் திரும்பவில்லை. வெயிலில் கண் கூசியிருக்கும். மறு வருஷம் அங்கே இருவரும் ரோட்டுக்குக் கல் உடைப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு அடுத்த வருஷம் அவன் மட்டும் உடைப்பதாக.

லேத்தை யாரும் தொடத் துணியாததால், பழைய இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன்.

ஆறு வருஷமாக என் பட்டறை வேலையும் சீனி முகம்மதுவின் மில் வேலையும் முழுவதும் அந்த லேத்தில்தான் நடக்கின்றன. இன்றுவரை அது ஓர் ஆணிகூடக் கடைந்ததில்லை.