பச்சைக்கு வந்த கிஷன்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுவரை எனக்குத் தெரியும். அதற்காக நான் எங்கும் போவதில்லை. என் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பேன், அவ்வளவுதான். எதிர்வீட்டு அமுதவள்ளிக்கு எந்நேரமும் மகன் கிஷனைப் பற்றித்தான் கவலை. இரண்டு வயதுப் பிள்ளை, தூக்கினால் காலிப் பை மாதிரி இருப்பான்.

சர்ச் மண்டபத்தில் டொரத்தி நடத்தும் சத்துணவுத் திட்டத்தில் அவனையும் சேர்த்திருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை எடை பார்த்து, இரண்டு டின் பால்மாவும் ஒரு தட்டு முட்டையும் கொடுப்பார்கள். ஆறாம் மாதம் கடைசி எடை. எடை அட்டையில் சிவப்பில், அதாவது எடை குறைவாக, இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் பச்சைக்கு வந்தார்கள் என்று எண்ணித்தான் திட்டம் ஜெயித்ததா என்று பார்ப்பார்களாம்.

பச்சைக்கு வர கிஷனுக்கு இன்னும் முந்நூறு கிராம் தேவைப்பட்டது.

"எல்லார் முன்னாலயும் இவன் மட்டும் சிவப்புன்னு சொல்வாங்களேக்கா, மானம் போகுது" என்று அமுதவள்ளி கண்ணைக் கசக்கினாள்.

என் வாய் சும்மா இருக்குமா?

"அழாத லா. எடை பாக்குற அன்னிக்குக் காலையில ரெண்டு வாழைப்பழம், ஒரு தம்ளர் பார்லி தண்ணி குடு. ஜீன்ஸ் மாட்டிவிடு. வெள்ளி அரைஞாணக் கழட்டாத."

வழக்கமாகத் துணியைக் கழற்றிவிட்டுத்தான் தராசில் நிறுத்துவார்கள். அன்று நான் குறுக்கே புகுந்தேன். "ஏசி இந்த அடி அடிக்குது. பிள்ளைக்குச் சளி. ஜீன்ஸ் இருக்கட்டும் டொரத்தி." பின்னால் நன்கொடையாளர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள். "சரி லா, ஆன்டி" என்றாள் அவள்.

பச்சை! கிஷன் தலையில் காகிதக் கிரீடம் வைத்தார்கள். "முப்பதுல இருபத்தாறு!" என்று டொரத்தி குதித்தாள். அந்த மண்டபத்திலேயே பலமாகக் கைதட்டியது நான்தான்.

அடுத்த மாதம் பையோடு போனோம். பட்டியலில் கிஷன் பெயர் இல்லை. பச்சைக்கு வந்தவர்களுக்குப் பால்மா நின்றுவிடுமாம், சிவப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தொடருமாம். முதல் நாளே சொன்னார்களாம். அந்த நேரத்தில் தட்டில் எத்தனை முட்டை உடைந்திருக்கிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

அதன்பிறகு கிஷனுக்கு டின்னில் வரும் கெட்டிப்பாலைத் தண்ணீரில் கலக்கிய இனிப்புத் தண்ணீர்தான். மூன்றே வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. என் வீட்டுவரை ஓடி வருகிறவன், பாதி வழியில் உட்கார ஆரம்பித்தான்.

டொரத்தியிடம் போய் ஜீன்ஸ், பார்லி, அரைஞாண் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ரிப்போர்ட் அனுப்பிட்டேனே, ஆன்டி. இருபத்தாறுன்னு போட்டாச்சு."

"இருபத்தஞ்சுன்னு மாத்திப் போடேன்."

அவள் லேப்டாப்பையே பார்த்தாள். "அடுத்த சேர்க்கை ஜூன்ல. அப்ப சிவப்புல இருந்தா எடுத்துக்கிறேன்."

ஜூனுக்கு நான்கு மாதம் இருந்தது. அமுதவள்ளியிடம் அப்படியே சொன்னேன். நாலு வார்த்தை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் தேவலை. அவள் கிஷனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப ஜூன் வரைக்கும் இவனுக்கு எடை ஏறாமப் பாத்துக்கணுமாக்கா?"

குத்திக் காட்டவில்லை. போன தடவை நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே, இப்போதும் என்னிடம் யோசனைதான் கேட்டாள்.