கரமனையில் மாடி வீடு

வாடகைக்குக் கேட்டுப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நன்றாகத்தான் போகும். நிரோஜினி பாஸ்போர்ட்டை எடுத்ததும், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்" என்பார்கள். பிறகு யாரும் கூப்பிடுவதில்லை.

இலங்கையின் பருத்தித்துறையில் பிறந்தவள் அவள். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துத் திருவனந்தபுரம் வந்து, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தாள். கணவன் பிரதீபனும் மகள் ஆரபியும் கொழும்பில் காத்திருந்தார்கள். "அம்மா, வீடு கிடைச்சிட்டுதோ?" என்று மகள் போனில் கேட்காத நாளில்லை.

கடைசியில் புரோக்கர் ஷாஜி ஒரு வழி சொன்னான். "சேச்சி, கரமனையில ஒரு மாடி வீடு உண்டு. தமிழ்க்காரங்க. ஊரு நாகர்கோவில்னு சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். பாஸ்போர்ட்டெல்லாம் பின்னால பாக்கலாம்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஷாஜியோடு போனாள்.

வீட்டுக்காரி பிச்சம்மாள் கதவைத் திறந்து, நாகர்கோவில் என்று கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்தாள். அவள் பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "நாகர்கோவில்ல எங்க மக்கா?"

"வடசேரி," என்றாள் நிரோஜினி.

"வடசேரியில எந்தத் தெரு? எனக்க மைனி வீடு அங்கதான்."

ஏதாவது ஒரு தெருவைச் சொல் என்று ஷாஜி கண்ணைக் காட்டினான். நிரோஜினி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இல்லையம்மா. நான் இலங்கை. வீடு ஒருத்தரும் தரேல்லை எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

பிச்சம்மாளின் முகம் சுருங்கியது. "காப்பியக் குடிச்சிட்டுப் போ. பொய் சொல்லி வந்தவளுக்கு வீடு தர எனக்கு மனசில்ல."

இரண்டு இரவு நிரோஜினி சரியாகத் தூங்கவில்லை. வீடு போனதைவிட, அந்த அம்மாளின் முகம் சுருங்கியதுதான் அவளை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகவே கிளம்பி வந்து மணியடித்தாள்.

"வீடு கேட்க வரேல்லை அம்மா. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தனான்."

"உள்ள வாட்டீ," என்றாள் பிச்சம்மாள். "நீ போன பெறவு எனக்கும் சோறு எறங்கல. ஒரு புள்ள வாய்விட்டு உண்மையச் சொல்லுகா, அவளப் போய் வெரட்டி விட்டோமேன்னு."

உள்ளே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தாணுலிங்கம் தலையை நிமிர்த்தினார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் அவருக்கு. "வெளிநாட்டு ஆளுன்னா போலீஸுக்கு விவரம் குடுக்கணும். நமக்கு என்னத்துக்கு அந்தத் தலவேதனை?"

"ஆன்லைன்ல பதியலாம் ஐயா. வேண்டிய பேப்பர் எல்லாம் நான் தாறன். நீங்கள் ஸ்டேஷனுக்கு அலையத் தேவையில்லை."

அவர் பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு, எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஊர்ல என்ன அரிசி?"

"எங்கட வீட்டில சிவப்புப் புழுங்கலரிசிதான். வெள்ளையரிசி எனக்குச் செமிக்காது."

"அப்போ இங்க சாப்பாட்டுக்குக் கஷ்டமில்ல. இங்கயும் செவப்பரிசிதான்," என்றார் தாணுலிங்கம். அரிசியைப் பற்றி இருவரும் பேச ஆரம்பித்து, பேச்சு நெல் வகை, அதை அவிக்கும் பக்குவம், விலை என்று எங்கெங்கோ போயிற்று. பிச்சம்மாள் நடுவில் புகுந்து, மாடிச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

"மேல காத்து நல்லா வரும். தண்ணி மட்டும் காலைல பிடிச்சு வச்சுக்கிடணும், கேட்டியா? மழைக்கு அடுக்களை மூலையில ஒழுகும். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

பிரதீபனும் ஆரபியும் வந்திறங்கிய மறுநாள், பிச்சம்மாளே பால் வாங்கி வந்தாள். பொங்கி வழிந்த பாலைப் பார்த்தபடி நிரோஜினி அழுதாள். "நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்குட்டீ அழுகே?" என்று பிச்சம்மாள் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ஆரபி அதற்குள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மொட்டை மாடி எங்கே என்று பார்க்க ஓடிவிட்டாள்.