குடிக்காத தண்ணீர்

பவித்ரா பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்பது டாக்டர் கேட்ட பிறகுதான் செங்கமலத்துக்குத் தெரிந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. "காலையில போனா சாயங்காலம் வரைக்கும் பொண்ணு ஒண்ணுக்கே போறதில்லையாம்மா?" என்றார் அவர். செங்கமலம் மகளைப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்தாள்.

பவித்ரா ஆறாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களையும் ஊன்ற முடியாது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பா ராஜாங்கம், வடக்குத்து கிராமத்திலிருந்து மகளை வண்டியில் கொண்டுபோய் பள்ளிக்கூட வீல்சேரில் உட்காரவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். அங்கே பாத்ரூமுக்கு மூன்று படி. ஏறினாலும் கதவில் வீல்சேர் நுழையாது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயி கேப்ப. அப்பறம் வூட்லயே இருந்து படின்னுடுவாங்க."

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. சேர்க்கப் போன அன்றே தலைமையாசிரியை விஜயலட்சுமி, "வாரம் ஒருநாள் டீச்சர் வீட்டுக்கே வருவாங்க, அட்டெண்டன்ஸ் போட்டுக்கலாம். பிள்ளைய ஏன் அலைக்கழிக்கிறீங்க?" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். செங்கமலம் பிடிவாதமாக நின்று சேர்த்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்குவது அவள் வேலை. பெருக்கிய பிளாக்கையே திரும்பப் பெருக்கினாள். கூட வேலை பார்க்கும் அம்சவல்லி, "என்னக்கா, எங்க இருக்குது நெனப்பு?" என்று கேட்டும் தலை நிமிராமல் பெருக்கினாள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் பிள்ளை வீட்டோடு முடங்கிவிடுவாள். திறக்காவிட்டால் மறுபடி காய்ச்சல் வரும்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டுப் போனாள். ஆண்டு விழா, சுவருக்குப் பெயிண்ட் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை நின்றுவிட்டாள்.

"டீச்சர், எம்பொண்ணு இங்க தண்ணி குடிக்கறதில்லீங்க. பாத்ரூம் போவ முடியாதுன்னு."

"பாத்ரூம மாத்தணும்னு எழுதிப் போட்டிருக்கேம்மா. அனுமதி வரணும்" என்றார் விஜயலட்சுமி. "அது வர்ற வரைக்கும் பவித்ரா வீட்ல..."

"அதுவரைக்கும் வூட்டுல ஒக்கார வெச்சா, அப்பறம் அவ எங்கேர்ந்து வருவா? இது மாதிரி எத்தினி புள்ளைங்க வூட்ல ஒக்காந்துகினு கீதுங்க, சொல்லுங்க."

விஜயலட்சுமி பதிவேட்டைத் தேடவில்லை. "மூணு பேர்" என்றார். அதைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அவருக்கே முதல் தடவை போலிருந்தது.

கொத்தனார் வேலை பார்க்கும் செந்தில்நாதன், அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா, பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "கதவ அகலப்படுத்தி, படிக்கு மேல சரிவா பூசறது ரெண்டு நாள் வேல டீச்சர். நான் செஞ்சு தரேன்."

அரசாங்கச் சுவரை அனுமதியில்லாமல் இடிக்க முடியாது. ஆனால் அன்றே விஜயலட்சுமி, படியில்லாத டீச்சர்கள் பாத்ரூமைப் பவித்ராவுக்குத் திறந்துவிட்டார். ஒரு டீச்சர் முகம் சுளித்ததைக் கண்டுகொள்ளவில்லை. மறுவாரம் கல்வி ஆபீசுக்கு நேரிலேயே போய் உட்கார்ந்து, அனுமதிக் கடிதத்தைக் கையோடு வாங்கிவந்தார்.

அந்தச் சனி, ஞாயிறில் செந்தில்நாதன் வேலையை முடித்தார். ஞாயிறு மாலை செங்கமலம் அந்த மூவரில் ஒரு பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனாள். அந்த அம்மா, "பாக்கலாங்க" என்றதோடு உள்ளே போய்விட்டாள்.

சரிவு காய்ந்து, பவித்ரா தானாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்வந்த முதல் நாள், குவார்ட்டர்ஸ் தெருவில் செங்கமலத்துக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்று மணிக்கு போன் அடித்தது. பவித்ராவின் கிளாஸ் டீச்சர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எடுத்தாள்.

"என்னாங்க டீச்சர், வுழுந்துட்டாளா?"

"விழலம்மா. கிளாஸ்ல வாய மூடவே மாட்டேங்கறா. பக்கத்துப் பொண்ணையும் எழுத விடறதில்ல. நாளைக்கு வந்து என்னைப் பாருங்க."

"வரேங்க டீச்சர்."

"யாருக்கா?" என்றாள் அம்சவல்லி.

"ஸ்கூல்லேர்ந்து. பவித்ரா மேல கம்ப்ளெயிண்ட்டு" என்றாள் செங்கமலம். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.