நூர் முகமது வீட்டில் நிறம் சொட்டிய கிளி

சாலை மறியலின் இரண்டாம் நாள் காலை, கச்சிராயபாளையம் சாலையில் இருந்த நூர் முகமது வீட்டுக் கிளியிலிருந்து பச்சை நிறம் சொட்டத் தொடங்கியது. எண்பத்தேழாம் வருடம், புரட்டாசி மாதம். இடஒதுக்கீடு கேட்டவர்கள் முதல் நாளே அவர் வாசல் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அதுவரை கிளிக்கூண்டு தொங்கியது அந்த மரத்தில்தான். கல்லெறிக்குப் பயந்து கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கூண்டை உள்ளே கொண்டுவந்து டியூப்லைட்டின் கீழ் மாட்டினார்கள்.

நூர் முகமது கடைவீதியில் பல்பு விற்பவர். வெளிச்சத்தைப் பற்றித் தனக்குத் தெரியாததில்லை என்று நம்பினார். டியூப்லைட்டுக்குப் பதில் நூறு வாட் குண்டு பல்பு போட்டார், பிறகு நீல ஜீரோ வாட் போட்டார். கிளி தூங்கவில்லை. கம்பிக்குக் கம்பி தாவியது. அவரும் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். சொட்டிய பச்சையை அவர் மனைவி காசிம் பீவி துணியில் ஒற்றி, வீணாக்கினால் பாவம் என்று ஈயக் கிண்ணத்தில் பிழிந்து வைத்தாள். நான்காம் நாள் கிளி சாம்பல் நிறமாகி, இரை எடுக்க மறுத்தது.

அன்றைக்குத்தான் கொளஞ்சியப்பன் தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டினான். மரத்தை வெட்டிய கரும்பு விவசாயி. நூர் முகமது முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசிம் பீவி அவன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்து, தண்ணீரோடு கஞ்சியும் கொடுத்தாள்.

"கிளிக்கு இன்னா பாய்?" என்றான்.

காசிம் பீவிதான் பதில் சொன்னாள். "நீங்க சாச்ச மரத்து நெழல்ல இருந்ததுண்ணே. இங்க வெளிச்சம் ஜாஸ்தி, நெழலு கம்மி."

அவன் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்தான். "எம் புள்ளைங்களுக்கு ஒரு வேல கெடைக்கணும்னு வெட்னம்மா. கிளிய நெனைக்கல."

மறுநாள் தன் வீட்டு அடுப்பங்கரைக் கூரையிலிருந்த கண்ணாடி ஓட்டைப் பெயர்த்து எடுத்து வந்து, கூடத்தின் கூரையில் அவனே ஏறிப் பதித்தான். இருண்டுபோன அவன் அடுப்பங்கரைக்கு நூர் முகமது ஒரு குண்டு பல்பை எடுத்துக் கொடுத்தார்.

ஓட்டின் வழியே வெயில் இறங்கியதும், தரையில் புளியமரத்தின் நிழல் இலை இலையாக அசைந்தது. வெளியே மரம் வெட்டுப்பட்டுத்தான் கிடந்தது. கிளி ஈயக் கிண்ணத்தில் இறங்கிக் குளித்தது, பச்சையாக மேலேறி, நிழல் விழுந்த இடத்தில் தூங்கிப்போனது.

இரண்டு வருடத்தில் இடஒதுக்கீட்டு ஆணை வந்தது. நிழல் மட்டும் அங்கேயே இருந்தது. பங்குனி தோறும் அதிலிருந்து புளி உதிர்ந்தது. காசிம் பீவி ஒரு முறம் கொளஞ்சியப்பன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். புளிப்பு கொஞ்சம் கம்மி என்று அவன் மனைவி சொல்லியனுப்புவாள்.