கழுவி வைத்த வண்டி

சனிக்கிழமை ஆனால் போதும், மங்கைக்கு இருப்புக் கொள்ளாது. "சாவி குடுடி, சாமானெல்லாம் எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று மகளிடம் கையை நீட்டிவிடுவாள்.

திருவொற்றியூரில் அவர்கள் இருந்த வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி செய்யவைத்துவிட்டார்கள். மீஞ்சூரில் கிடைத்தது மாடியில் ஒற்றை அறை. கட்டில், பீரோ, செத்துப்போன புருஷன் தண்டபாணியின் டிவிஎஸ் பிஃப்டி எதற்கும் அங்கே இடமில்லை. மணலி போகும் சாலையில் பழைய கண்டெய்னர்களை வரிசையாக நிறுத்தி, சாமான் வைக்க வாடகைக்கு விடும் யார்டை மகள் சௌமியாதான் தேடிப் பிடித்தாள். கேமரா உண்டு, காவலாள் உண்டு. அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

தண்டபாணி காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை அந்த வண்டியில்தான் வியாசர்பாடித் தெருக்களுக்குக் கொண்டுபோவார். பின்னால் கட்டிய நீலப் பெட்டி, சீட்டில் போர்த்திய கோணி, ஹேண்டிலில் சுற்றிய துண்டு. அவர் கடைசியாக நிறுத்திய கோலத்திலேயே அது கண்டெய்னருக்குள் போனது.

ஒரு புதன்கிழமை, யார்டைப் பார்த்துக்கொள்ளும் டென்னிஸ் சௌமியாவுக்குப் போன் செய்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துக் கண்டெய்னர் பார்ட்டி புது சோபா வச்சிருக்காங்க. உங்க வண்டியில இருந்து மீன் நாத்தம் வருதாம்."

"ஞாயித்துக்கெழம நீ துன்ற வஞ்சிரம் இன்னா, மல்லிப்பூ செடியிலயா காய்ச்சுது? மணலில நாள் முழுக்க கம்பெனி பொகைய மோந்துகினு கீறீங்க, அதுக்கு எவனும் கம்ப்ளெயிண்ட் குடுக்கல. எங்கப்பன் வண்டிதான் மூக்குல ஏறுதா?"

"நானா சொல்றேன்? பார்ட்டி சொல்றாங்க. நாத்தமடிக்கிற பொருள் வைக்கக்கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு, நீங்க படிச்சீங்கல்ல. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்ல எடுத்துக்கிடுங்க. அம்மா வருவாங்கல்ல, அவங்ககிட்டயே சொல்லிடவா?"

"அம்மாகிட்ட மட்டும் வாயத் தொறந்தே, அவ்ளோதான்!"

போனை வைத்தாள். பள்ளிக்கூட பெஞ்சில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்திய நாளிலிருந்து 'மீன் நாத்தம்' என்ற அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுத் தோல் தடித்துவிட்டது. ஆனால் அம்மா அதை எவனோ ஒருவன் வாயால், அப்பாவின் வண்டியைப் பற்றிக் கேட்கக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியைப் பக்கத்து வாட்டர் சர்வீஸுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நுரை அடித்தார்கள். மோந்து பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி அடி" என்றாள். அப்புறமும், "இன்னொரு வாட்டி." பெட்டி, கோணி, துண்டு எல்லாவற்றையும் கழித்துக் கட்டச் சொன்னாள். புது சீட் கவர் போட்டு, எலுமிச்சை வாசனை ஸ்பிரேயும் அடித்தாள்.

"புது வண்டி மாதிரி இருக்கு மேடம்" என்றான் டென்னிஸ். ஜெயித்துவிட்டதாகத்தான் அவளுக்கும் இருந்தது.

சனிக்கிழமை அம்மாவோடு அவளும் போனாள். கண்டெய்னருக்குள் மங்கை என்ன செய்வாள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். கையில் துடைப்பமில்லை, துணியில்லை. பீரோவை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக வண்டியிடம் போய்க் குந்தி, சீட்டில் கன்னத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.

நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். எழுந்து ஹேண்டிலை மோந்தாள். பெட்டி இருந்த இடத்தைக் கையால் தடவினாள்.

"இன்னாடி இது, எலுமிச்சம்பயம் மாரி கீது?"

"கழுவ வுட்டேம்மா."

"ஏன்?"

எந்தச் சொல்லை அம்மாவின் காதில் விழாமல் காத்தாளோ, அதைச் சொன்னால்தான் இதற்குப் பதில். "சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்றாள்.

"அவுரு சட்டையெல்லாம் நீதான் தொவச்சு ஆருக்கோ குடுத்தே. சரின்னு வுட்டேன். இதுல மட்டும் அவுரு கீறாருன்னு வந்துகினு இருந்தேன்டி."

திட்டியிருந்தால் தேவலை. மங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சௌமியா வாட்டர் சர்வீஸுக்கு ஓடினாள். பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது, கோணியும் துண்டும் குப்பை வண்டிக்கு. மறுநாள் காசிமேட்டுக்குப் போய், அப்பாவின் தோஸ்து வெற்றியிடம் கெஞ்சி ஒரு பழைய பெட்டியை வாங்கி மீஞ்சூர் மாடிக்குத் தூக்கி வந்தாள். மங்கை தள்ளி நின்றே மோந்து பார்த்தாள்.

"இது வெற்றி பொட்டியாச்சே. பாவம், அவன் பொயப்புக்கு இன்னா பண்ணுவான்? குடுத்துட்டு வா."

அடுத்த வாரம் டென்னிஸ் கூப்பிட்டான். "இப்ப ஒரு கம்ப்ளெயிண்ட்டும் இல்ல மேடம். எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சுக்கிடுங்க." அவனைத் திட்ட வாய் வரை வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? வாயால் அவனோடு மல்லுக்கு நின்றவள், கையால் அந்த சோபாக்காரன் சொன்னதைத்தான் செய்து முடித்திருந்தாள். அவன்கூட ஒரு தடவைதான் சொன்னான். மூன்று தடவை நுரை அடிக்கச் சொன்னது அவள்.

சனிக்கிழமை வந்தது. சாவி ஆணியிலேயே தொங்கியது. மங்கை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாவி வேணாவா?"

"பீரோவும் கட்டிலுந்தான கீது" என்றாள் மங்கை, தலை நிமிராமல். "அது எங்க போவப் போவுது."