டன்லோவின் தலைக்கணக்கு

என் அப்பாவின் கையெழுத்துக்கு விலை நாற்பது டாலர். உறையின் மூலையில் பென்சிலால் எழுதி வட்டம் போட்டிருந்தது.

குவெங்கா நகரில் பூச்சந்தைக்குப் பின்னால் இருக்கிற தபால்தலைக் கடை அது. முதுகில் சால்வை மூட்டையோடு நான் ஏறி இறங்கிய மூன்றாவது கடை. ஒத்தவாலோ ஊர் நெசவுக்காரர்களான நாங்கள் சால்வை விற்கப் போகாத ஊர் கிடையாது. இந்தத் தடவை விற்பதைவிடத் தேடுவதுதான் பெரிய வேலை. அம்மா போன பிறகு அண்ணி வீட்டை ஒழித்தபோது பழைய காகிதத்தையெல்லாம் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டுவிட்டாள். இந்த உறையும் அதோடு போய்விட்டது. எடைக்காரர்கள் பழைய உறைகளைத் தபால்தலைக் கடைகளுக்குத்தான் தள்ளிவிடுவார்கள்.

உள்ளே கடிதம் எதுவும் இருந்ததில்லை. ஒரு பத்து டாலர் நோட்டுதான் இருந்தது. கண்டத்தின் வடக்கே, டாலர் அச்சடிக்கிற வடநாட்டில், வெங்காய வயலில் கூலிக்கு நின்ற அப்பாவுக்கு எழுதத் தெரியாது. மாதாமாதம் யாராவது விலாசம் எழுதிக் கொடுப்பார்கள். கடைசி உறையில் மட்டும் அவரே எழுதியிருந்தார்: சோய்லா கச்சிமுவேல். என் பெயரின் முதல் எழுத்து, கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நின்றது. அடுத்த மாதம் அவர் இறந்த செய்தி வந்தது. உடம்பு வரவில்லை.

பார்த்த மாத்திரத்தில் நாற்பதை எண்ணி வைத்திருக்க வேண்டும். இடுப்புப் பையில் அறுபது இருந்தது. ஆனால் நான் சந்தையில் பிறந்தவள். வேண்டும் என்று முகம் காட்டினால் விலை ஏறும் என்பது பால்பல் விழுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆகவே பக்கத்திலிருந்த பறவைத் தபால்தலை அட்டையைக் கையில் எடுத்தேன்.

"இது எவ்வளவு, முதலாளி?"

"பன்னெண்டு டாலர், மகராசி," என்றார் கடைக்காரர் வின்டிமில்லா.

"உசிரோட இருக்கிற பறவையே நாலு டாலருக்குக் கிடைக்குமே!"

"அது தீனி கேக்கும். இது கேக்காது."

"சரி, பத்து. கொசுறா அந்த அழுக்கு உறையைப் போட்டுக் குடுங்க."

"அது நாப்பது. வடநாட்டுல ஓரிகன் மாநிலத்துச் சின்ன ஊரு தபால் முத்திரைன்னா விடாம வாங்குற மிஸ்டர் ஒருத்தர் இருக்கார். அவருக்காகவே எடைக்காரங்ககிட்ட சொல்லி வெச்சு வரவழைச்சது."

"இதையா? தபால்தலை ஓரம் பிஞ்சிருக்கு. முத்திரை மங்கிப்போச்சு. எழுதினவனுக்கு எழுத்தே வரலை, பாருங்க, திருப்பிப் போட்டிருக்கான்."

என் அப்பாவைத்தான் சொன்னேன். நாக்கு கூசவில்லை.

"இருபத்தஞ்சு," என்றார்.

"இதை நாப்பதுன்னு அந்த மிஸ்டர்கிட்ட நீட்டினா உங்க மானம்தான் போகும்."

"பதினஞ்சு. உனக்காக."

அங்கே நிறுத்தியிருக்கலாம். கொசுறாகவே வாங்கிவிடலாம் என்ற ஆசை விடவில்லை. "குப்பைக்குப் போற சாமான், முதலாளி," என்றேன். அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் வார்த்தை அவர் முகத்தில் வேலை செய்வது தெரிந்தது.

கதவு மணி அடித்தது. உயரமான வடநாட்டுக் கிழவர் ஒருவர், கக்கத்தில் ஒரு தபால்தலை ஆல்பத்தோடு, குனிந்து உள்ளே வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கே குடியேறியவர்களில் ஒருவர். கடைக்காரர் சொன்ன மிஸ்டர் இவர்தான், பெயர் வெண்டல். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துப் பேசுகிறவர்.

"வணக்கம். நான் பணம் செலுத்திய அமெரிக்கத் தொகுப்பு தயாராக உள்ளதா?"

"வடநாட்டுத் தொகுப்பு தயார், மிஸ்டர். அமெரிக்கா அலமாரி அந்தாண்ட இருக்கு. பெரு, சிலி, நாங்க."

"அமெரிக்கர்கள் என்றால் நாங்கள் மட்டுமே."

"கண்டம் முழுசுக்கும் உங்க பேர்லயா பட்டா போட்டிருக்கு?"

வாராவாரம் நடக்கிற சண்டை போல. இருவரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக வின்டிமில்லா அந்த உறையை எடுத்து அவர் மேசைமேல் வைத்திருந்த ஆல்பத்தின் மேல் வைத்தார்.

"இது உங்களுக்குக் கொசுறு. காசு கேக்க இருந்தேன். குப்பைன்னு இந்த மகராசி சொல்லிட்டா. உங்க நாட்டுக் குப்பை, நீங்களே வெச்சுக்குங்க."

விற்ற சாமானைக்கூடத் திரும்ப வாங்கலாம். கொடுத்த கொசுறைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் எந்தச் சந்தையிலும் இல்லை.

வெண்டல் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"டன்லோ," என்றார். "இது என் ஊர். அந்த அஞ்சலகத்தில் ஒரே ஒருவர்தான் பணியில் இருந்தார். என் தாய். இந்த முத்திரை அவர் கையால் குத்தியது."

"மிஸ்டர், அதை எனக்குக் குடுத்துடுங்க. நாப்பது தரேன்."

"குப்பைக்கா?" என்றார் வின்டிமில்லா.

பையை அவிழ்த்து அப்படியே மேசைமேல் கொட்டினேன். அறுபது ஒரு டாலர் நாணயங்கள். எங்கள் நாட்டில் ஓடுவது அவர்கள் பணம்தான். அதிலும் சந்தையில் கிடைப்பது, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்ட ஒரு செவ்விந்தியப் பெண்ணின் தலை போட்டது.

"விற்பனைக்கு இல்லை," என்று வெண்டல் உறையை ஆல்பத்துக்குள் வைத்து மூடப் போனார்.

என் அடையாள அட்டையை எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்தேன். வின்டிமில்லா இரண்டையும் பார்த்துவிட்டு, வாய்விட்டுப் படித்தார். "சோய்லா கச்சிமுவேல்." பிறகு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி. வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கப்பா எழுதினது," என்றேன். "உங்க ஊர்லதான் ஆறு வருஷம் இருந்தார், மிஸ்டர்."

"அதற்குச் சாத்தியமில்லை. டன்லோவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஊர் எல்லைப் பலகையில் எழுதியிருக்கும். எல்லோரையும் பெயர் சொல்லி அறிவேன். எல்லோரும் அமெரிக்கர்கள்."

"வெங்காயம் யாரு பறிச்சாங்க?"

"அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொட்டகைகளில். ஊர்க்காரர்கள் அல்லர்."

"ஆத்தைத் தாண்டி மாசாமாசம் உங்கம்மா தபாலாபீஸ் ஜன்னல்ல ஒருத்தர் வந்து நின்னாரே. இந்த உறையை உங்கம்மா கையிலதானே குடுத்தார்? அவரை அந்தப் பலகையில எத்தனாவது ஆளா எழுதினீங்க?"

அவர் முத்திரையைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடம்.

வெண்டல் கைப்பேசியை எடுத்து முத்திரையை மட்டும் படம் பிடித்தார். இரண்டு தடவை பிடித்தார். பிறகு உறையை என் பக்கம் நகர்த்தினார்.

"நாற்பது என்றீர்கள்."

எண்ணினேன். நாற்பதை அவர் பக்கம் தள்ளினேன், இருபதைப் பையில் போட்டேன். ஒரு காசுகூடக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவர் ஆல்பத்தைத் திறந்து, கடைசியில் ஒரு வெற்றுப் பக்கத்துக்குப் போனார். தலைப்பு மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தது: டன்லோ, மக்கள்தொகை 412. வின்டிமில்லாவிடம் பென்சில் வாங்கினார்.

"கொட்டகையில் எத்தனை பேர் இருந்தனர் என்று உங்கள் தந்தை சொன்னதுண்டா?"

"ஒரு தடவை ஊருக்கு வந்தப்ப சொன்னார். அவரோட சேத்து ஆம்பளைங்க பதினேழு."

"பெண்கள்?"

"இருந்தாங்க. எத்தனை பேருன்னு சொன்னதில்லை."

பழைய எண்ணை அடித்துவிட்டு 429 என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு, அதற்கப்புறம் இடம் விட்டார்.