பதினேழாம் நம்பர் இலுப்பை

காளியண்ணன் ஓங்கிய கொடுவாள் தம்பியின் கழுத்துக்குத்தான் வந்தது. கண்ணுசாமி இடது கையைத் தூக்கியதால் கழுத்து தப்பியது. கை தப்பவில்லை. முழங்கைக்குக் கீழே எலும்பு தெரியப் பிளந்து, ரத்தம் பின்னால் இருந்த இலுப்பை மரத்தின் மேல் பீய்ச்சி அடித்தது. பட்டையைச் செதுக்கி வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த 17 என்ற எண்ணின் மேலும் அது வழிந்தது.

வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்த நாஸியா கையைப் பார்த்தாள், பிறகு அந்த எண்ணைப் பார்த்தாள். அதை எழுதியவள் அவள்தான்.

நாஸியா சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. ஒபெரோனியா என்ற ஆர்க்கிட் பேரினத்தின் பின்னால் அலைந்துகொண்டிருப்பவள். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கும் சின்னச் செடி அது. தட்டையான இலைகள், கத்திகளை ஒருக்களித்து அடுக்கினாற்போல ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். நுனியில் எலிவால் மாதிரி ஒரு பூந்தண்டு. அதில் கடுகளவுகூட இல்லாத பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு பூக்கும். இந்தப் பேரினத்தில் இலையை வைத்து இனம் பிரிக்கப் போனால் ஏமாந்துதான் போக வேண்டும். பூவின் மூன்று இதழ்களில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைப் போலிருக்காது. அதை உதடு என்பார்கள். அந்த உதட்டின் ஓரம் வழுவழுப்பா, பல் வைத்ததா, நார்நாராகக் கிழிந்ததா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் இது இன்ன இனம் என்று வாய் திறக்கலாம்.

போதமலைக்குக் கீழே, நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வரப்பில் நின்ற இந்த இலுப்பையில் போன வருஷம் ஒரு செடியைக் கண்டாள். எந்த இனத்தோடும் ஒத்துப் போகாத செடி. அப்போது பூக்கள் வாடியிருந்தன. காகிதத்தில் அழுத்திக் காயவைத்ததில் உதடுகள் பொடிந்து போயின. மலையிலும் அடிவாரத்திலும் தேடியதில் வேறெங்கும் அது கிடைக்கவில்லை. போன வாரம் வந்தபோது மொட்டு விட்டிருந்தது.

அன்றைக்குத்தான் எண் போட்டாள். அவள் கணக்கில் அது பதினேழாவது மரம். முன்பெல்லாம் அலுமினியத் தகடு கட்டுவாள். யாராவது பழைய இரும்புக் கடைக்குக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பட்டையை உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கிப் பெயிண்டால் எழுதினாள். அவள் அப்பா மொய்தீனுக்கு அயோத்தியாப்பட்டணத்தில் மரக்கடை. மரத்துக்கு நம்பர் போடுவதைப் பார்த்தே வளர்ந்த கை, தானாக அப்படி எழுதிவிட்டது. விலை பேசி அச்சாரம் கொடுத்த மரத்துக்குத்தான் அப்படி எழுதுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம் என்பதாலேயே அதற்கு ஓர் அர்த்தம் இருப்பது அன்று தோன்றவில்லை.

கண்ணுசாமி கூடவே நின்று பெயிண்ட் டப்பாவைப் பிடித்திருந்தான். ஆனால் மரம் அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்று விட்டது. கிணற்றுத் தண்ணீருக்காகக் கோர்ட்டுக்குப் போன பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போயிருந்தான். இன்று காலையில்தான் வந்து இறங்கினான். நேராக மரத்தைப் பார்த்தான்.

பூ விரிந்திருக்கும் என்று வந்த நாஸியாவுக்கு, ஸ்கூட்டரை ரோட்டில் நிறுத்தும்போதே சத்தம் கேட்டது.

"பொது மரத்த எவனக் கேட்டுடா வித்தே?"

அந்த அம்மிணி பூப் பார்க்க எழுதியது என்று கண்ணுசாமி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமா, வித்துட்டேன். உம்பட பங்குக்கு வேரு கெடக்குது. தோண்டி எடுத்துட்டுப் போ" என்றான்.

அதற்குத்தான் கொடுவாள் இறங்கியது.

நாஸியா துப்பட்டாவை உருவி அவன் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மிணி, சொல்லிப்போடாதீங்க. வித்துட்டேன்னே நெனச்சுட்டுக் கெடக்கட்டும்" என்றான்.

காளியண்ணன் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணுசாமியின் மனைவி சௌந்திரம் ஓடி வந்தாள். புருஷன் கையைப் பார்த்தாள். அழவில்லை. குனிந்து கொடுவாளை எடுத்தாள்.

"இப்ப வெட்டுங்க மாமா, பாக்கறேன்" என்று தம்பி மனைவி வருவதைப் பார்த்தும் காளியண்ணன் நகரவில்லை. முதல் வீச்சு அவன் தோளைக் கீறிச் சட்டையைக் கிழித்தது. இரண்டாவதற்கு ஓங்கினாள்.

நாஸியா அண்ணாந்து பார்த்தாள். மேலே மூன்றாவது கொம்பில் செடி தொங்கியது. பூந்தண்டு பொன் நிறமாக மாறியிருந்தது. விரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் இந்த வரப்பில் அவளை யாரும் இனி விடப் போவதில்லை. திறக்காவிட்டால் ஒரு தலை போகும்.

"நம்பர் எழுதினது நான். மரத்தை யாரும் விக்கலைங்க. செடிக்கு அடையாளம் போட்டேன்."

சௌந்திரம் திரும்பினாள். கொடுவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் நாஸியாவின் கன்னத்தில் அறைந்தாள். மூக்குக் கண்ணாடி வயலில் போய் விழுந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது.

"ஒரு செடியப் பாக்கறதுக்கு எங்கூட்டுக்காரரு கைதான் கெடச்சுதா உனக்கு?"

நாஸியா கையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது அறைக்கு நின்றாள். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் டாடா ஏஸைக் கொண்டு வந்துவிட்டார்கள். கண்ணுசாமியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சௌந்திரமும் ஏறி, வண்டி ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. கொடுவாள் வரப்பில் கிடந்தது.

காளியண்ணன் அதை எடுத்தான். நாஸியா பின்வாங்கினாள்.

"விக்கவே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம் எதுக்கு வித்தேன்னான் நாயி?"

நாஸியா வயலில் இறங்கி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

"எந்தக் கொம்புல இருக்குது அது?"

விரலை நீட்டினாள். நீட்டியிருக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் அவன் மரத்தில் பாதி தூரம் ஏறிவிட்டான். தோளிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. தம்பியை வெட்டிய வாளால் கொம்பை வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. கொம்பு முறிந்து, சடசடவென்று மற்ற கிளைகளை உரித்துக்கொண்டு நாஸியாவின் காலடியில் வந்து மோதியது.

"பாருங்க" என்றான் மேலேயிருந்து. "பாக்கத்தான வந்தீங்க."

செடி நசுங்கியிருந்தது. பூந்தண்டில் நுனிப் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. நாஸியா பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கண்ணுசாமியின் ரத்தம் அவள் விரலிலிருந்து லென்ஸில் ஈஷியிருந்தது. சுடிதாரில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். துளிப் பூ பெரிதாயிற்று. உதட்டின் ஓரம் முழுக்க நார்நாராகக் கிழிந்து, ஒவ்வொரு நாரும் மறுபடி இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் படித்த எதிலும், பார்த்த எதிலும் அப்படி இல்லை.

காளியண்ணன் இறங்கி வந்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். ரோட்டில் போலீஸ் ஜீப் வருவது தெரிந்தது. அவன் எழவில்லை.

"என்னங்க இருக்குது அதுல?"

"புது இனங்க. இதுவரைக்கும் யாரும் பார்த்ததா தெரியலை."

"பேரு வெப்பீங்களா?"

"வெக்கணுங்க."

அவன் கொடுவாளைத் தூர வீசினான்.

"எங்கூட்டுப் பேர மட்டும் வெச்சுப்போடாதீங்க."